காவல் ஊசி

முதலில் ரிப்பனைப் பார்க்கிறார். கொல்லைப்புறத்துக் கொடிக்கம்பியின் நடுவில் முடிந்துவிட்ட ரோஸ் நிற ரிப்பன் அது. அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, காற்று வருகிற திசையில், தன் மர ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறார். ரிப்பன் அசையாமல் தொங்கினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஹெட்லைட் வளையம், சைலன்சர், ஹேண்டில்பார் என்று எது எவ்வளவு அவசரமாக வந்து கிடந்தாலும் சரி, ஆசிட் வாளியின் மூடி திறக்காது. “ஆசிட்டுக்கு அவசரம்னா என்னன்னு தெரியாது தம்பி. காத்து வரட்டும்” என்பார். ஒருமுறை காற்று வராமல் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் அந்த ரிப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்கிற வேலையைச் சொன்னால் பலருக்கு முதலில் பிடிபடாது. பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவரைத் தேடித்தான் எல்லோரும் போவார்கள். இவர் ஏறியிருக்கும் பளபளப்பை இறக்குகிறவர். வண்டிக்கு வயதானால் க்ரோம் பூச்சு கொப்பளிக்கும், புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப்பார்க்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்காது. புதிதாகக் க்ரோம் போடுவதென்றாலும் பழையதை முழுக்க எடுத்தாக வேண்டும். எடுத்துக்கொடுக்க எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். மெக்கானிக்குகள் இவரை ‘உரிப்பு சார்’ என்கிறார்கள். முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவரும் “ஆமா, உரிக்கிறேன், அதுக்கென்ன இப்போ” என்று அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டார்.

‘சார்’ மட்டும் பழைய சம்பாத்தியம். ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவர். பாடம் நடத்தியதில்லை, பாடம் நடந்து முடிந்த பிறகு சோதனைக்குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் ஆய்வகம் அவரை விட்டுப் போகவில்லை. கொல்லையில் இருக்கும் ஒவ்வொரு வாளிக்கும் பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டியிருக்கிறார். ‘ஆசிட், பாதி தண்ணீர்’, ‘சோடா நீர்’, ‘அலசும் தண்ணீர், குடிக்காதே’. குடிக்கிற தண்ணீர்ச் சொம்பிலும் ‘குடிக்கலாம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து நான் சிரித்தபோது, “சிரிக்கிறவன்தான் மாத்திக் குடிப்பான்” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதைக் குடிப்பதற்கு முன்னாலும் படித்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். குடிவந்த இரண்டாவது மாதம் என் சைக்கிள் பூட்டு துருவேறிச் சாவி நுழைய மறுத்தது. சண்டை போடுவதற்கென்றே இறங்கிப் போனேன். அவர் பூட்டை வாங்கினார், எண்ணெய் விட்டார், துடைத்தார், கிளிக்கென்று திறந்து காட்டினார். “இந்த வீட்டுல குடியிருந்தா இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும். வாடகைக்கு வரும்போதே நான் சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது” என்றார். கையோடு ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியையும் கொடுத்தார். அதிலும் சீட்டு இருந்தது. கட்டிக்கொண்டு வந்த வசனமெல்லாம் வீணாய்ப்போன கடுப்பில் மாடியேறினேன்.

வேலை நடக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, பழைய மழைக்கோட்டை வெட்டித் தைத்த மேலங்கி. பொருளைக் கம்பியில் கட்டி மெல்ல ஆசிட்டுக்குள் இறக்குவார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ‘சுர்ர்’ரென்று ஒரு சத்தம் கிளம்பும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரை பொங்கும், தண்ணீர் பச்சையாகும். அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. தலையைச் சாய்த்துக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். “அது பேசிக்கிட்டு இருக்கிற வரைக்கும் க்ரோம் இருக்குன்னு அர்த்தம். பேச்சு நின்னுச்சா, எடுத்துடணும். அதுக்கு மேல விட்டா இரும்பைக் கடிக்க ஆரம்பிச்சுடும்.” எடுத்ததும் அலசும் தண்ணீர், பிறகு ஆசிட்டை முறிக்கச் சலவை சோடா நீர், மறுபடி தண்ணீர், துடைத்து உடனே எண்ணெய். கண்ணாடி மாதிரி முகம் காட்டிய வளையம் மங்கலான இளமஞ்சள் நிறத்தில் வெளியே வரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “அவ்வளவு மினுக்கும் ஒரு முடி கனம்கூடக் கிடையாது தம்பி. பார்த்தியா, கொஞ்ச நேரத்துல காணோம்” என்பார். ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார், ஒவ்வொரு முறையும் அவருக்கு ஆச்சரியம்தான்.

அந்தக் கொல்லையில் ஒரே ஒரு ஸ்டூல். வருகிறவர்கள் நிற்கத்தான் வேண்டும். மெக்கானிக் நிற்பார், நான் நிற்பேன், ஒருமுறை வீட்டைத் தேடி வந்த பழைய தலைமையாசிரியர்கூட நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். “உட்கார வச்சா பேச்சு வளரும். ஆசிட்டுக்குப் பக்கத்துல ஒருத்தர்தான் பேசணும், அது ஆசிட்டா இருக்கணும்” என்பது அவர் கொள்கை.

பேட்டரி சார்ஜரை வைத்துக் கரண்ட் விட்டு க்ரோமை எடுக்கிற வழி ஒன்றும் இருக்கிறதாம். நெடி இவ்வளவு இருக்காதாம். மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், இவர் அசையவில்லை. அந்த முறையில் தண்ணீர் மஞ்சளாகுமாம், அந்த மஞ்சள் கொடிய விஷமாம். “பச்சைத் தண்ணி சண்டைக்காரன், மூஞ்சிக்கு நேரா அடிப்பான். மஞ்சத் தண்ணி கூட இருந்தே குழி பறிக்கிறவன்.” சண்டைக்காரனையும் அவர் சாக்கடையில் ஊற்றுவதில்லை. சோடாவைப் போட்டு அடக்கி, அடியில் தங்கும் சேற்றை டப்பாக்களில் அடைத்து, பூச்சுத் தொழிற்சாலையின் கழிவு வண்டி வரும் நாளில் ஏற்றி அனுப்புகிறார்.

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இந்த வேலை ஆகவே ஆகாது. அவர் முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஆசிட்டின் ஆவி எங்கே இரும்பு இருக்கிறதென்று தேடிப் போய்த் துருவேற்றும். முதல் வருடம் கத்தரி போயிற்று, பாபின் டப்பா போயிற்று. துருப்பிடித்த ஊசி ஒன்று, தைக்க வந்த வெள்ளைச் சட்டை பன்னிரண்டில் தையல் நெடுகப் பழுப்புப் புள்ளி வைத்தது. சட்டைக்காரர்கள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். அன்றைக்கு ஏற்பட்டதுதான் இந்த ஒப்பந்தம். வாளி கொல்லையின் கடைசி மூலைக்குப் போனது. தினமும் காலையில் அக்கா புத்தம்புது ஊசி ஒன்றை நூலில் கோத்துக் கொல்லைப் பக்கத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். சாயங்காலம் அதை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பளபளவென்று இருந்தால் சரி. ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் ஒரு வாரத்துக்கு வாளிக்கு மூடிதான்.

அதற்குக் காவல் ஊசி என்று நான் பெயர் வைத்தேன். எட்டு வருடத்தில் நான்கு தடவை துருப்பிடித்திருக்கிறது. நான்கு தடவையும் சார் மறுபேச்சுப் பேசவில்லை. ‘ஏன் சார், கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?’ என்று கேட்டதற்கு, “அந்த ஜன்னல்ல தொங்குறது தீர்ப்பு தம்பி. தீர்ப்புக்கு மேல என்ன பேச்சு?” என்றார்.

மேலங்கியைத் தைத்துக் கொடுத்தது அக்காதான். கையுறை கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தருவதும் அவர்தான். ஆனால் அந்த மூலைக்கு மட்டும் போகமாட்டார். “உங்க ரசாயனத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க” என்பார். சார் ஒரு நல்ல வளையத்தை எடுத்துத் துடைத்ததும் முன்னறை வாசலில் போய் நின்று, “ஏம்மா, இங்க பாரேன்” என்று நீட்டுவார். அக்கா மெஷினிலிருந்து தலையைத் திருப்பாமலே “ம், நல்லாயிருக்கு” என்பார். சார் அந்த வளையத்தைத் தானே இன்னொருமுறை பார்த்துக்கொண்டு திரும்புவார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

சார் ஸ்பிரிங்கை மட்டும் தொடமாட்டார். ஆரம்ப நாட்களில் ஒரு வண்டியின் ஸ்பிரிங்கைத் தெரியாமல் ஆசிட்டில் போட்டு எடுத்து, ஆணியில் இழுத்து மாட்டி வைத்திருந்தாராம். இரண்டு நாள் கழித்து, ஒருவரும் தொடாமலே, அது ‘டிங்’கென்று இரண்டாகத் தெறித்து ஒரு துண்டு அவர் காதோரமாகப் போனதாம். ஆசிட் முறுக்கேற்றிய எஃகுக்குள் புகுந்து அதைப் பிஸ்கட் மாதிரி ஆக்கிவிடும் என்றார். “பார்க்க நல்லாத்தான் இருக்கும், இழுத்தா நீளும். ஆனா உள்ள செத்துப் போயிருக்கும். எப்ப விடும்னு அதுக்கே தெரியாது.” அதனால் எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலை ஸ்பிரிங்கைக் கழற்றித் தனியே வைப்பது. இதை மட்டும் அவர் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. தான் ஒருவர்தானே அங்கே போவது, தனக்குத் தெரியாதா என்று நினைத்திருக்கிறார்.

போன மாதம் அவர் கண்ணில் புரை எடுத்தார்கள். தேதி பிறகு என்றுதான் சொல்லியிருந்தார்கள், திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, நாளைக் காலையே வாருங்கள் என்றார்கள். அப்போது கொல்லையில் ஒரு நர்ஸின் வண்டிச் சாமான்கள் இருந்தன. வீடு வீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஊசி போட்டுப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர். வண்டி அவருடைய அப்பா ஓட்டியது. “துடைச்சுத் துடைச்சுக் கை ஓஞ்சு போச்சு சார், எல்லாத்தையும் கறுப்பா அடிச்சுடுங்க” என்று மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். வண்டி இல்லாமல் நான்கு நாளாக நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்தால் சாருக்கு ஒரு மாதம் நெடிப் பக்கமே போகக்கூடாது. சாமானைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று முன்னறையில் நின்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மெஷினை நிறுத்தாமலே அக்கா சொன்னார்.

“எப்படிப் பண்றதுன்னு எழுதிக் கொடுங்க. நான் பண்றேன்.”

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான்கு தாள் கிழித்த பிறகு, பதினோரு வரியில் முடித்தார். முதல் வரி ‘ரிப்பனைப் பார்’. பதினோராவது வரி ‘எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் வை’. இடையில் ‘பேச்சு நின்றதும் எடு’ என்று ஒரு வரி.

மறுநாள் நான்தான் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வருவதற்குள் மெக்கானிக் வந்து சாமான்களை எடுத்துப் போயிருந்தார். போனிலும் கூப்பிட்டார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க, அக்கா உங்களைவிட சுத்தமா பண்ணியிருக்காங்க.” ஒரு கண்ணில் கட்டோடு சார் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை, நானும்தானே பக்கத்தில் இருந்து கேட்டேன் என்றேன். “கேட்டல்ல? அதான்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் மூன்று நாளாகப் புதுக் கறுப்பில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று மெக்கானிக் சொன்ன செய்தியைச் சார் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் முகத்தில் ஒரு பூரிப்பு. பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னார்.

“நீங்க ஒண்ணை மறந்துட்டீங்க, தெரியுமா? சைடு ஸ்டாண்டோட ஸ்பிரிங்கை வெளியவே வச்சிட்டுப் போயிட்டீங்க. நான்தான் பார்த்து எடுத்து அதையும் சேர்த்துப் போட்டேன். இல்லன்னா அது மட்டும் அசிங்கமா போயிருக்கும்.”

சாரின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“எவ்வளவு நேரம் உள்ள இருந்துச்சு?”

“எல்லாம் பேச்சு நிக்கிற வரைக்கும். அப்படித்தான எழுதியிருந்தீங்க?”

“ஆமா. அப்படித்தான் எழுதியிருந்தேன்” என்றார். மிச்ச டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், கறுப்புக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “தம்பி, உன் ஃப்ரெண்டு பைக் ஒண்ணு மாடிக்குக் கீழ நிக்குதே, ஓடுமா?” என்று என்னைக் கேட்டார். “கொஞ்சம் மெக்கானிக் கடை வரைக்கும் போய்ட்டு வரலாம்.” தெருவில் இறங்குகிற வரை அவர் குரல் மாறவில்லை. இறங்கியதும் என் தோளைப் பிடித்த பிடியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

வண்டி நிற்கும்போது கீழே இறங்கித் தாங்குவது சைடு ஸ்டாண்ட். ஓடும்போது அதை மேலே இழுத்துப் பிடித்திருப்பது அந்த விரல் நீள ஸ்பிரிங். ஸ்டாண்டை எடுக்க மறந்து யாராவது போனால் தெருவே கத்தும். முன்பின் தெரியாதவர்கள், பஸ் ஜன்னலில் இருப்பவர்கள், எல்லோரும் “ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!” என்று கூவுவார்கள். ஓடும்போது ஸ்பிரிங் விட்டு ஸ்டாண்ட் தானாக விழுந்தால் கத்த யாருக்கும் நேரமிருக்காது. இடது பக்கம் சாய்ந்து திரும்பினால் அது தரையில் குத்தி வண்டியைத் தூக்கிப் போடும்.

என் சைக்கிளில் ஏற்றிப் போனால்கூட “மெதுவா போ” என்று பின்னாலிருந்து முதுகில் தட்டுகிறவர், அன்றைக்கு ஒருமுறைகூடத் தட்டவில்லை. கடையில் விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் சிரித்தார். “நானே இழுத்துப் பார்த்துத்தான் சார் மாட்டினேன், கல்லு மாதிரி இருக்கு.” சார் சிரிக்கவில்லை. “ஒரு புது ஸ்பிரிங் கொடு. அந்தம்மாவுக்கு போன் பண்ணு” என்றார். மெக்கானிக் பண்ணினார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், எடுக்கவில்லை. ஊசி போடும்போது அவர் போனைப் பையில் வைத்துவிடுவார் என்றார் மெக்கானிக். சனிக்கிழமைகளில் மேட்டுக் குடியிருப்புப் பக்கம் போவார் என்றும் சொன்னார். மேடு என்றால் இறக்கமும் உண்டு.

மேட்டின் மூன்றாவது சந்தில், ஒரு நீலக் கேட்டுக்கு முன்னால் அந்தக் கறுப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. சாய்ந்து, சைடு ஸ்டாண்டின்மேல், ஒன்றும் நடக்காததுபோல. சார் இறங்கிப் போய் அதன் சீட்டில் கையை வைத்தார். பிறகு அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் செய்யாத கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் நர்ஸ் பையோடு வந்தார். ஆபரேஷன் விஷயம் மெக்கானிக் மூலம் அவருக்குத் தெரிந்திருந்தது. “என்ன சார், கட்டு பிரிச்ச கையோட என் வண்டிக்குக் காவலா?” என்று சிரித்தார். சார் எழுந்து விஷயத்தைச் சொன்னார். வண்டியை நடு ஸ்டாண்டில் போடச் சொன்னார். எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஸ்பிரிங்மேல் ஒரு துணியைச் சுற்றி, சைடு ஸ்டாண்டைக் கையால் மெதுவாக மேலே தூக்கினார். பாதிதான் தூக்கியிருப்பார். ‘டிங்’கென்று ஒரு சத்தம். துணிக்குள் ஒரு துண்டு இருந்தது. இன்னொன்று நீலக் கேட்டில் பட்டுக் கீழே விழுந்தது.

நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் அடுத்துப் போகவிருந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். சந்து முடிகிற இடத்தில் சரேலென்று ஓர் இறக்கம், இடது பக்கம் ஒரு திருப்பம்.

“யார் சார் பண்ண தப்பு இது?”

“என்னோடது” என்றார் சார். என் சைக்கிள் பூட்டுக்குச் சொன்ன அதே குரல். புது ஸ்பிரிங்கை மாட்டி, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவரை விட்டார். உடைந்த இரண்டு துண்டையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “போட்டது அக்காதானே சார்?” என்றேன்.

“நான் பதினோரு வரி எழுதினேன். அவ அதை வரிக்கு வரி செஞ்சிருக்கா. பன்னிரண்டாவது வரியை நான் எழுதல” என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் காதுப் பக்கமாகக் குனிந்தார். “அவகிட்ட சொல்லிடாத தம்பி. எட்டு வருஷத்துல ஒரு நாள்தான் அந்த மூலைக்கு வந்தா. இது தெரிஞ்சா இனிமே வரவே மாட்டா.” நர்ஸுக்காக அடித்துக்கொண்ட நெஞ்சு இப்போது இதற்காக அடித்துக்கொள்கிறது என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், “ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. பழசாச்சேன்னு ஒண்ணு புதுசா மாத்திட்டு வந்தோம்” என்றார் அக்காவிடம். முப்பத்தோரு வருடம் ஆய்வகத்தில் நடந்ததை நடந்தபடி குறித்து வைத்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். அக்கா “ம்” என்றார். மெஷின் ஓடியது.

ஆனால் துவைப்பதற்கு முன் சட்டைப் பையைத் துழாவாத தையல்காரர் உண்டா?

மறுநாள் ஞாயிறு. பல் துலக்கிக்கொண்டே மாடிக் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றேன். கீழே சார் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வேலை செய்யக்கூடாத மாதம். ஆனாலும் காலையில் ரிப்பனைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. நல்ல காற்று, ரிப்பன் படபடத்தது. திருப்தியாகத் திரும்பியவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஊசி தொங்குகிற நூலில் ஊசி இல்லை. ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகள் ஒன்றாக முடிந்து தொங்கின.

அவர் நகரவில்லை. உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றது.

“பொய் சொல்றதா இருந்தா பாக்கெட்டைக் காலி பண்ணிட்டுச் சொல்லணும்” என்றது அக்காவின் குரல். பிறகு, மெதுவாக, “அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல.”

“நெஜமா?”

“நெஜமா. வேணும்னா மேல தம்பியைக் கேளு. எட்டிப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறான்.”

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். காதை இழுத்துக்கொள்ளவில்லை.

“இனிமே நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்” என்றார் அக்கா. “நல்லது பண்றேன்னு நெனச்சு ஒரு உசுரைக் கொல்லப் பார்த்திருக்கேன். எனக்கு எதுக்கு இந்த வேலை?”

தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை என்று வைத்திருந்தவர், இதற்கும் பேசாமல் போய்விடுவாரோ என்று நான் மறுபடி எட்டிப் பார்த்தேன். அவர் சமையலறைப் பக்கமாக உள்ளே போனார். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் இன்னொரு ஸ்டூல் இருந்தது. அரிசி டப்பா வைத்திருந்த ஸ்டூல். அதன்மேல் டப்பாவின் வட்டத் தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

மூலைக்குக் கொண்டுபோனார். தன் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, ரிப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, காற்று நன்றாக வருகிற இடமாகப் பார்த்து அதைப் போட்டார். அழுத்திப் பார்த்தார், ஒரு கால் ஆடியது. ஓர் அட்டையை மடித்து அதன் அடியில் செருகினார். மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு தன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்டூலோடு உள்ளேயிருந்து எடுத்து வந்திருந்த அந்தப் பதினோரு வரித் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, பன்னிரண்டாவது வரியை எழுதாமல், ஜன்னலைப் பார்த்தபடி அக்காவுக்காகக் காத்திருந்தார்.